இடது கண்ணுக்கு ஒத்தடம்

ரொட்டிக்கடை அடுப்பில் நிற்கிறவருக்குக் கண் காய்ந்துபோயிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதை எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருந்தது? அந்த மனுஷன் கண்ணிலிருந்து எந்நேரமும் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். வேலைக்குப் போகும்போது வழியும், திரும்பி வரும்போதும் வழியும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், யாரையோ பறிகொடுத்தவர் மாதிரி கன்னமெல்லாம் நனைந்து நிற்பார். விவரம் தெரியாதவர்கள் தோளைத் தொட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று மெதுவாகக் கேட்பார்கள். "சௌக்கியங்க. கண்ணுதான் இப்படி" என்று சிரிப்பார்.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் மேசை போட்டுத் துணி தேய்த்துக் கொடுக்கிறாள். நான் எதிர்வீடு. என் சட்டைகளுக்கு மடிப்பு விழுவது அவள் கையால்தான். அதனால் இந்தக் கதையில் பாதியை அவளிடமும் மீதியை அவரிடமும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் அவள் சொன்னதை வைத்துக்கொண்டேன். அவர் பொய் சொல்வார் என்பதற்காக அல்ல. அவளுக்கு ஞாபகம் கூர்மை, அவ்வளவுதான்.

பொய் என்பது அந்த மனுஷனுக்கு வரவே வராது. ரொட்டி கருகினால் முதலாளி பார்ப்பதற்கு முன்னால் இவரே போய்ச் சொல்லிவிடுவார். வாங்க வந்தவரிடம், "இது நேத்துப் போட்டதுங்க, டீயில தோய்ச்சா நல்லாருக்கும்" என்பார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். உண்மை பேசுகிறவர்களோடு குடும்பம் நடத்துவது லேசில்லை. எந்த நேரத்தில் எதைப் போட்டு உடைப்பார்கள் என்று தெரியாது. அப்படித்தான் அன்றைக்கு டாக்டர் அறையில் போட்டு உடைத்தார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவளுடைய அண்ணன் இறந்திருந்தார். அப்பா அம்மா இல்லாத அவளைத் தூக்கி வளர்த்தவர் அந்த அண்ணன். தன் பிள்ளைகள் தட்டில் ஒரு துண்டு கறி விழுந்தால் தங்கை தட்டிலும் அதே அளவு துண்டு விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தான் சாப்பிட உட்காருவார். துக்க வீட்டில் அன்றைக்குக் காற்றென்றால் அப்படி ஒரு காற்று. அவள் புருஷன் வாசலிலேயே நின்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. "மச்சானுக்காக இப்படி உருகுற மனுஷனை இப்பத்தான் பார்க்குறோம்" என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அவளும் பார்த்தாள். அண்ணனைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாதவர் இப்படி அழுகிறாரே என்று, அந்தத் துக்கத்திலும் அவளுக்கு ஒரு ஆறுதல். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "எப்பல்லாம் தண்ணி வருது?"

"காத்துல வரும். புகையில வரும். அடுப்புக் கதவைத் திறந்தா வரும். இப்பக்கூட இவ அண்ணன் தவறிட்டாருங்க. வாசல்ல நின்னேன், ஒரே காத்து. கொட்டு கொட்டுன்னு கொட்டிடுச்சு. எல்லாரும் நான் அழுறேன்னு நினைச்சுட்டாங்க!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த மனுஷன் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டார். அவள் எழுந்து, "நான் வெளிய இருக்கேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வெளியே போனதால் உள்ளே பேசிய எதுவும் அவள் காதில் விழவில்லை. பின்னால் வந்த வினையெல்லாம் இங்கேதான் ஆரம்பம்.

"கண்ணீருக்கு மேல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கணுங்க" என்று உள்ளே டாக்டரம்மா விளக்கினார். "இமை ஓரத்துல வரிசையாச் சின்னச் சின்ன சுரப்பி இருக்கு. அந்த எண்ணெய் அங்கேருந்துதான் வருது. உங்களுக்கு அது கெட்டியாகி அடைச்சிருக்கு. எண்ணெய் இல்லாததால கண்ணீர் நிக்க மாட்டேங்குது, உடனே காஞ்சுடுது. எரியுது. எரிச்சல் தாங்காம கண்ணு இன்னும் தண்ணியை ஊத்துது."

"குளிர்ல வெண்ணெய் கட்டியாயிடற மாதிரிங்களா?"

"அப்படித்தான். அதைச் சூடாக்கி இளக்கி, இமையை அமுக்கி வெளிய எடுக்க ஒரு மெஷின் வந்திருக்கு. அது நிஜமா எவ்வளவு உதவுதுன்னு இங்க ஒரு ஆய்வு பண்றோம். சம்மதம்னா உங்களையும் சேர்த்துக்கறோம். ஒரு கண்ணுக்கு மெஷின். இன்னொரு கண்ணுக்குச் சொட்டு மருந்து மட்டும். எந்தக் கண்ணுங்கறதைக் கம்ப்யூட்டர்தான் சொல்லும், நாங்க சொல்ல மாட்டோம்."

"இன்னொரு கண்ணு பாவம் இல்லீங்களா?"

"கடைசி வரைக்கும் இருந்து முடிச்சவங்களுக்கு அந்தக் கண்ணுக்கும் போட்டுடுவோம். அதுவரைக்கும் வீட்ல வெந்நீர்த் துணி, ஒத்தடம் எதுவும் கூடாது. ரெண்டு கண்ணுக்கும்தான். வெச்சுட்டீங்கன்னா எதனால தெளிஞ்சுதுன்னு எங்களுக்குத் தெரியாமப் போயிடும்."

அவர் தலையாட்டினார். கையெழுத்தும் போட்டார். கம்ப்யூட்டர் வலது கண்ணைச் சொன்னது.

வெளியே நடைவழியில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு தபால்கார அம்மா உட்கார்ந்திருந்தாள். தெருத் தெருவாகக் காற்றிலும் வெயிலிலும் சைக்கிள் மிதித்த கண்கள். இமை ஓரமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. அவளும் அதே ஆய்வுக்குத்தான் வந்திருந்தாள். "காலையில இமை ரெண்டும் ஒட்டிக்குது. விரலை நனைச்சுப் பிரிச்சாத்தான் உலகம் தெரியும். ஒரே நம்பர் வீட்டுக்கு ரெண்டு தடவை கதவைத் தட்டி ரெண்டு தடவையும் திட்டு வாங்கியாச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "இந்த மெஷின் நல்லதுன்னு நிரூபணம் ஆயிட்டா, இனிமே போட்டுக்கறதுக்கு எங்க ஆபீஸ்ல செலவை ஏத்துப்பாங்களாம். அதைத்தான் நம்பி இருக்கேன்." இவள் உம் கொட்டினாளே தவிர, மனம் வாசலில் நின்ற ஒரு மனுஷனின் நனைந்த கன்னத்தையே சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. "டீ ஆறுது" என்று டீயைப் பார்த்துச் சொல்வாள். "கதவு திறந்திருக்கு" என்று கதவிடம் சொல்வாள். வார்த்தைக்கு வார்த்தை வந்துகொண்டிருந்த 'என்னங்க' அந்த வீட்டை விட்டே போய்விட்டது. அவருக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியவே கொஞ்ச நாள் ஆயிற்று. தெரிந்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. சொன்னது உண்மைதானே, உண்மையைச் சொன்னதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று என்னிடமே ஒரு முறை கேட்டார்.

கடையிலும் நிலைமை சரியில்லை. ரொட்டி வெந்ததை நிறத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தேன் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் அசந்தால் கருகல். நீர் திரையிட்ட கண்ணுக்குத் தேன் எது, கருகல் எது? "இன்னொரு தட்டு இப்படிப் போச்சுன்னா உன்னை ரொட்டிக்கு உறை போடற மேசைக்கு மாத்திடுவேன், வருத்தப்படாதே" என்றார் முதலாளி. அடுப்பைத் தவிர வேறெதையும் அறியாத மனுஷனுக்கு அது ஊரைவிட்டே அனுப்புவது மாதிரி.

மெஷின் போட்டபின் வலது கண் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. சிவப்பு குறைந்தது. எரிச்சல் அடங்கியது. இடது கண் மட்டும் பழையபடியே ஒட்டிக்கொண்டும் உறுத்திக்கொண்டும் கிடந்தது. முதல் ஈடு ரொட்டி வெந்து முடிந்து, சூரியன் நன்றாக ஏறின பிறகு அவர் வீட்டுக்கு வருவார். மேசைக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, மாவு படிந்த புறங்கையால் இடது கண்ணைத் தேய்ப்பார். அவள் துணி தேய்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். பேச மாட்டாள்.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "கோவம் அவர்மேலதான். அந்தக் கண்ணு என்ன பண்ணுச்சு?" என்றாள் என்னிடம். "ஒண்ணுக்கு மெஷினு, ஒண்ணுக்கு ஒண்ணுமில்லைன்னா? எங்க அண்ணன் தட்டுல ஓரவஞ்சனை பார்த்ததில்ல. நான் கண்ணுல பார்ப்பேனா?"

ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்தாள். நீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து எடுத்தாள். ஆவி புசுபுசுவென்று கிளம்பியது. மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், உதறினாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு அவருடைய நெற்றியில் கையை வைத்துத் தலையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூடிய இடது கண்மேல் துணியைப் பதித்தாள்.

அவர் வாயைத் திறந்தார். கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைச் சொல்லத்தான் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்த மனுஷன் வாழ்க்கையில் உண்மையை விழுங்கியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அசையாதீங்க" என்றாள். அத்தனை நாள் கழித்து நேராக அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. "சுடுதா?"

"இல்ல. இதமா இருக்கு."

மறுநாளும் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். துணி கண்மேல் இருக்கும்வரை பேச்சு இருக்கும். யார் வீட்டு விரிப்பில் மை கொட்டியிருந்தது, அடுப்பில் எந்த மூலை சூடு குறைகிறது, வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் போனில் என்ன சொன்னாள் என்று ஏதேதோ. துணியை எடுத்ததும் பேச்சும் நின்றுவிடும். அவள் மறுபடி சட்டைக் காலர்களுக்குள் போய்விடுவாள். அவர் அடுத்த நாளுக்காகக் காத்திருப்பார். கண் தெளிந்துகொண்டே வந்ததை அவர் கவனித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

கண் தெளியத்தான் செய்தது. கடையில் ரொட்டி ஒரே நிறமாக வந்தது. முதலாளி உறை போடும் மேசையைப் பற்றிப் பேசுவதை விட்டார்.

அடுத்த பரிசோதனைக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். இந்த முறை அவளும் உள்ளே போய் உட்கார்ந்தாள். ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். எரிச்சல் எப்படி, உறுத்தல் எப்படி, வெளிச்சம் கூசுதா.

"ரெண்டு கண்ணுல எதுக்காவது வீட்ல வெந்நீர் ஒத்தடம், சூடான துணி ஏதாச்சும் வெச்சீங்களா அய்யா? அது கூடாதுன்னு முதல்லயே சொல்லியிருந்தோம்."

அவள் நிமிர்ந்தாள். கூடாதா? அவள் வாயெடுப்பதற்குள் அவர் சொன்னார்:

"இல்லம்மா. எதுவும் வைக்கலை."

பக்கத்தில் இருக்கிறவர் தன் புருஷன்தானா என்று பார்த்தாள். காது மடல் சிவந்து, முழங்கால்மேல் இருந்த கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். அந்தச் சின்னப் பெண் அதைக் கவனிக்கவில்லை, தட்டச்சு செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

பிறகு கண்ணில் மஞ்சள் சாயம் விட்டார்கள். நீல விளக்கைப் போட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி, கண்ணீர் எவ்வளவு நேரம் கலையாமல் நிற்கிறது என்று அளந்தார்கள். கடைசியில் டாக்டரம்மா வந்து அந்த அளவுகளைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்றார் தனக்குள்.

"நல்லதுதானேம்மா?" என்றாள் அவள்.

"உங்களுக்கு நல்லதுதாம்மா, சந்தோஷம். எங்களுக்குத்தான்..." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின் போட்ட கண்ணும் போடாத கண்ணும் ஒண்ணாத் தெளிஞ்சா மெஷினுக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க. கேக்க வேண்டியதுதானே. பார்ப்போம்." சிரித்தார். ஆனால் களைத்துப்போன சிரிப்பு.

பேருந்து நிறுத்தத்துக் கல் இருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவே."

"கண்ணு நல்லாகுதேன்னா சொல்லாம விட்டீங்க?"

"கண்ணுக்காக இல்ல." அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "துணியை வெச்சாத்தான் நீ பேசுறே."

அவள் புடவைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்து, இல்லாத சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணன் விஷயத்துல ஒண்ணு சொல்லணும்" என்றார் அவர். "அன்னிக்கு வாசல்ல நின்னப்ப தொண்டையில என்னமோ அடைச்சுக்கிச்சு. எனக்குப் பொண்ணு குடுத்த மனுஷன். கண்ணுல ஊத்துச்சு, அதுல காத்து எது, அழுகை எதுன்னு எனக்கே தெரியலம்மா. டாக்டர் கேட்டதும் காத்துன்னு சொல்லிட்டேன். அழுதேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுக்காக முழுசா அழுதேன்னு இப்பச் சொன்னா அதுவும் பொய்."

"தெரியாதுன்னு அங்கயே சொல்லியிருக்கலாமே."

"தோணலை."

பேருந்து தூரத்தில் திரும்பியது. அதே நேரம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தபால்கார அம்மா வெளியே வந்தாள். ஒரு கண் தெளிந்திருந்தது, இன்னொரு கண்ணைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தாள். இவளைப் பார்த்ததும் கையை ஆட்டி, "எனக்கு ஒரு கண்ணு பளிச்சுன்னு ஆயிடுச்சு! இன்னொண்ணு முறைச்சுக்கிட்டு நிக்குது, அதுக்கும் போடுவாங்க!" என்று கத்திச் சொல்லிக்கொண்டே போனாள்.

பேருந்து வந்து நின்றது. அவர் எழுந்து ஏறப் போனார். அவள் எழவில்லை.

"என்ன?"

"நான் உள்ள போய்ச் சொல்லிட்டு வரேன்."

"சொன்னா நம்மளை வெளிய அனுப்பிடுவாங்க. இடது கண்ணுக்கு மெஷின் கிடைக்காது."

"கிடைக்காட்டிப் போகுது. அந்த அம்மா ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு, ஆபீஸ்ல செலவை ஏத்துப்பாங்கன்னு நம்பிக்கிட்டிருக்கு. நான் ஆசையா வெச்ச துணி அவ கண்ணுல மண்ணைப் போடணுமா?"

விறுவிறுவென்று நடந்தாள். ஒரு கால் படியில் வைத்திருந்தவர் இறங்கிப் பின்னாலேயே ஓடினார். நடத்துநர் ஏதோ திட்டினார்.

டாக்டரம்மா அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் இவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் கதவில் நுழைந்தார்கள்.

"ஒத்தடம் வெச்சேம்மா. தினமும். இடது கண்ணுக்கு. நான்தான்" என்றாள் அவள்.

"அவளுக்குத் தெரியாதுங்க, நீங்க சொன்னப்ப அவ வெளிய இருந்தா. எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சேன்" என்றார் அவர்.

"அவர் மறைச்சது எனக்காக."

"இல்லீங்க, எனக்காகத்தான்."

கேள்வி கேட்ட சின்னப் பெண் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து, "அய்யோ, என்னங்க நீங்க!" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. டாக்டரம்மா கையமர்த்தினார். இருவரையும் உட்காரச் சொன்னார்.

"சூடான துணியும் உதவும்மா. நாங்களே பல பேருக்கு அதைத்தான் சொல்லி அனுப்பறோம். ஆனா நாங்க கேட்ட கேள்வி வேற. மெஷின் போட்ட கண்ணுக்கும் போடாத கண்ணுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டோம். நீங்க அந்த வித்தியாசத்தையே தேய்ச்சுட்டீங்க."

"அதாம்மா என் வேலை" என்றாள் அவள், தன்னையறியாமல். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் முகம் பழையபடி ஆனது. "உங்களை இனிமே கணக்குல சேர்க்க முடியாது. ஆய்வுல மெஷினும் போட முடியாது. அதுல நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல. வழக்கமான வைத்தியத்துக்கு எப்ப வேணா வாங்க, நானே பார்க்கறேன்." கதவுவரை வந்தபோது சேர்த்துச் சொன்னார்: "திரும்பி வந்து சொன்னீங்களே, அது பெரிய உபகாரம். சொல்லாமப் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

திரும்பும் பேருந்தில் அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவ்வளவு நாளும் முன் இருக்கை காலியாக இருந்தால் அங்கே போய்விடுவாள்.

மறுநாள் அவளுக்கு ஒரே கூச்சம். துணி வைப்பதற்குப் பொய்யும் போய்விட்டது, கோபமும் போய்விட்டது. இனி எதைச் சாக்காக வைத்து அவர் முகத்தைத் தொடுவது? கைக்குட்டையைத் தொடாமல் மலைபோல் குவிந்த தலையணை உறைகளில் மூழ்கிவிட்டாள். வெளியே இலை அசையவில்லை, அப்படி ஒரு புழுக்கம். அவர் வந்தார். கை கழுவினார். முக்காலியில் உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்து, இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு காத்திருந்தார். மாவு வெள்ளை புருவத்திலும் கன்னத்திலும் அப்படியே இருந்தது.

அவள் உறையைக் கீழே வைத்தாள். கைக்குட்டையை எடுத்து மடித்தாள், நீர் தெளித்தாள், ஆவி பறக்கத் தேய்த்தாள், மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க."

"ம்."

"எந்தக் கண்ணு?"

"ரெண்டும்" என்றார்.

மடிப்பைப் பிரித்து நீளவாக்கில் மாற்றி, இரண்டு கண்ணையும் மூடுகிற மாதிரி வைத்து, மேலே தன் உள்ளங்கைகளை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் துணிக்கு அடியிலிருந்து ஒரு கோடு தண்ணீர் கன்னத்தில் இறங்கி மாவைக் கரைத்துக்கொண்டு தாடைக்கு வந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் துடைத்தாள். மறுபடி வந்தது. மறுபடி துடைத்தாள்.

"துணி ஈரமா, இல்ல அவர் கண்ணா?" என்று நான் கேட்டேன், அவள் இதைச் சொன்ன அன்று, என் சட்டைகளை வாங்கிக்கொண்டு.

"நான் கேக்கலை" என்றாள் அவள், சட்டைக் காலரை ஒருமுறை நீவிவிட்டு. "கேட்டா அந்த மனுஷன் உண்மையைச் சொல்லித் தொலைப்பாரு."